மரக்கழுகு விழும்வரை



உறியடி பார்த்திருப்பீர்கள். அதையே துப்பாக்கியோடு, ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று, மணிக்கணக்கில் ஆடினால் எப்படி இருக்கும்? ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கிராமங்களில் கோடை வந்தால் இதுதான் திருவிழா. நடத்துவது அந்தந்த ஊரின் துப்பாக்கி சுடும் சங்கம்.

உயரமான கம்பத்தின் உச்சியில், மரத்தில் செதுக்கிய கழுகு. தலையில் கிரீடம், ஒரு காலில் செங்கோல், மறு காலில் அரச உருண்டை. முதலில் இவற்றைச் சுட்டு உதிர்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மரியாதை. பிறகு இறக்கைகள். அப்புறம்தான் உடல். அது லேசில் விழாது. சிராய் சிராயாகப் பெயரும், ஒரு பக்கம் சாயும், கூட்டம் “ஓ” என்று கத்தும், ஆனாலும் நின்றுகொண்டே இருக்கும். நூறு, இருநூறு தோட்டா போன பிறகு யாரோ ஒருவர் சுட, மிச்சக் கட்டை பொத்தென்று விழும். அவர்தான் அந்த ஆண்டின் ராஜா.

வித்தை என்று பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பாதுகாப்புக்காகப் பல ஊர்களில் துப்பாக்கியைத் தாங்கியிலேயே பொருத்திவிடுகிறார்கள். ஒலிம்பிக்கில் சுடுகிறவர் பார்த்தால் சிரிப்பார். எனக்குப் பிடித்ததே அதுதான். முன்னால் சுட்டவர்கள் தளர்த்தி வைத்த மரத்தைத்தான் கடைசி ஆள் வீழ்த்துகிறார். அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ராஜாவுக்கு ராணி, பரிவாரம், பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் எல்லாம் உண்டு. பீர் செலவும் அவர் தலையில்தான். கழுகு ஆடத் தொடங்கியதும் சிலருக்குத் திடீரென்று குறி தப்புவதாக அங்கே கேலி பேசுவார்கள்.

நகர மதிலைக் காக்க ஊர்மக்களே குறுக்குவில் பழகிய இடைக்காலத்தில் முளைத்தவை இந்தச் சங்கங்கள். அம்பு பாய்ந்த புனித செபஸ்தியாரையே தங்கள் காவலராக வைத்துக்கொண்டார்கள்! 1861இல் கோத்தா நகரில் தேசியக் கூட்டமைப்பு உருவானது. நாஜிகள் காலத்தில் சங்கங்கள் அவர்கள் பிடிக்குள் போயின. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2015இல் இந்த மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் ஜெர்மனி சேர்த்துக்கொண்டது.

ராஜாவின் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி ஒன்று விழும். பட்டம் பெற்றவர் தன் பெயரும் ஆண்டும் பொறித்த தகடு ஒன்றை அதில் கோப்பது மரபு. சில தகடுகளில் அவரவர் தொழிலின் சின்னமும் இருக்கும். வருடத்துக்கு வருடம் சங்கிலி கனத்துக்கொண்டே போகும்.

2014இல் வெர்ல் நகரை ஒட்டிய ஸோனெர்ன் கிராமத்தில் கழுகை வீழ்த்தியவர் துருக்கி வம்சாவளி இஸ்லாமியர். உறுப்பினர்கள் கிறிஸ்தவர்களாக இருக்கவேண்டும் என்ற விதியைக் காட்டி, சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது அந்தச் சங்கம் சார்ந்த மேலமைப்பு. உள்ளூர்ச் சங்கம் அவர் பக்கம் நின்றது. நாடே பேசிய பிறகு, பட்டம் அவருக்கே இருக்கட்டும், மேல்மட்டப் போட்டிக்கு மட்டும் வரவேண்டாம் என்று முடித்தார்கள். அரைமனதுத் தீர்ப்பு. ஆனால் ஊருக்குக் கணக்கு எளிது: கழுகு விழுந்தது, சுட்டவர் ராஜா.