பதிவேட்டில் விடுபடும் பெயர்கள்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

நமது பள்ளிவாசலில் நிக்காஹ் பதிவேடு உண்டு. மையவாடிப் பதிவேடும் உண்டு. ஒரு பெயர் விடுபட்டால் பின்னாளில் எத்தனை சிக்கல்கள் எழும் என்பதை நாம் அறிவோம். புற்றுநோய் மருத்துவமனைகளும் இவ்வாறே ஒரு பதிவேட்டைப் பேணி வருகின்றன. இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களை முன்னிட்டு அதைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980-களிலிருந்தே இப்பணியில் ஈடுபட்டுள்ளது. சென்னை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையில் இருப்பதை உலகறியச் செய்தவை இத்தகைய பதிவுகளே.

மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் வயது, ஊர், நோய் கண்டறியப்பட்ட நிலை, அளிக்கப்பட்ட சிகிச்சை ஆகியவை எழுதப்படும். சிகிச்சை முழுமை பெற்றதா, நோயாளி இன்று உயிருடன் இருக்கிறாரா என்பவையே இறுதிக் கட்டங்கள். பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பவையும் அவையே. பாதியில் ஊர் திரும்பியவருக்கு எழுதிய கடிதம் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வரும். அளித்த சிகிச்சை பலனளித்ததா என்பதை அதன்பின் எந்த மருத்துவரால் சொல்ல முடியும்?

நெதர்லாந்து நாட்டில் 2011 முதல், இவ்விரு உறுப்புகளிலும் புற்றுநோய்க்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகள் நாடு முழுவதும் பதிவு செய்யப்படுகின்றன. மருத்துவமனைகள் தத்தம் விளைவுகளைப் பிறவற்றோடு ஒப்பிட்டுக் குறைகளைக் களைகின்றன. உணவுக்குழாய் அறுவையை ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கேனும் செய்யும் மருத்துவமனையே அதை மேற்கொள்ள வேண்டும் என்ற வரையறையும் அங்குண்டு. "இங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்த அறுவை செய்கிறீர்கள்?" என்று நாமும் தயங்காமல் கேட்கலாம். வீடு கட்டக் கொத்தனாரை அமர்த்தும்போது இதைவிட அதிகமாகவே விசாரிக்கிறோம்!

நம் குடும்பங்களில் நோயை மறைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. பெண் கேட்டு வருவோர் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். பதிவேட்டிலிருந்து வெளியிடப்படுபவை எண்ணிக்கைகள் மட்டுமே, பெயர்கள் அல்ல. பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சீட்டில் முஹம்மது இஸ்மாயில், மற்றொன்றில் எம். இஸ்மாயில் என்றிருந்தால் ஒருவரே இருவராகிவிடுவார். குடும்ப அட்டையில் உள்ளவாறே பெயரையும், தந்தை பெயரையும், மாறாத ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுப்பது நலம்.

நோய் தொடங்கிய காலத்தையும் உள்ளபடி கூற வேண்டும். முதலில் சோறு இறங்காது. பிறகு கஞ்சியும் இறங்காது. வாப்பாவுக்கு வாயுத் தொல்லைதான் என்று மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்போம். மருத்துவரிடமோ "பத்து நாளாகத்தான்" என்போம். தாமதம் எங்கே நேர்ந்தது என்ற உண்மை அத்துடன் மறைந்துவிடும். விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், கறுப்பு நிற மலம் ஆகியவை தோன்றினால் உள்நோக்கிப் பரிசோதனைக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும்.

நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர் வஃபாத்தானால், குடும்பத்தாரின் சம்மதத்துடன் மருத்துவமனைக் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு அம்மருத்துவமனைக்கு ஒரு கடிதம் அனுப்ப ஆவன செய்யுங்கள். பைத்துல்மால் உதவி கோருவோரிடம் அடுத்த பரிசோதனை நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.