சத்தம் அடங்கினால் போதுமா?



ஆரணியில் தறி நெய்கிற வீடுகளுக்கு எண்ணெயைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. தறியில் உரசுகிற இடத்துக்கு ஒரு துளி விட வேண்டும். அந்தத் துளி தவறிப் பட்டுப் பாவில் விழுந்துவிடக் கூடாது. ஒரு கறை போதும், பல நாள் உழைப்பின் விலை இறங்கிவிடும். எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது என்று தெரிந்திருப்பதே எண்ணெயின் கணக்கு. இந்தக் கணக்கு நம் வாகனங்களுக்கும் உண்டு, குடும்பங்களுக்கும் உண்டு.

சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய்வருகிற பழைய கார்களில், வேகத்தடை ஏறி இறங்கும்போது அடியில் சத்தம் கேட்கும். “கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கண்ணே” என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறோம். தொழில் தெரிந்தவர் உடனே தடவ மாட்டார். சத்தம் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பார்.

சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் வண்டியோடு சேருகிற இடத்தில் புஷ் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் புஷ் பெரும்பாலும் ரப்பர். அந்த ரப்பர் இரும்புக் குழலோடு ஒட்டியே வார்க்கப்பட்டது. ஆர்ம் அசையும்போது ரப்பர் தனக்குள்ளே முறுக்கிக்கொண்டு, பிறகு தானே பழைய நிலைக்குத் திரும்பும். அங்கே எதுவும் வழுக்குவதில்லை. ஆகவே கிரீஸுக்கு வேலையும் இல்லை. சாதாரண பெட்ரோலிய கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊறி, உப்பி, இளகிக் கெட்டுப்போகும். நான்கு நாள் அமைதி கிடைக்கும். பிறகு புஷ்ஷே போய்விடும்.

பழைய புஷ்ஷை எடுத்துவிட்டு, வெளிக் கடையில் வாங்கிய பாலியூரித்தேன் புஷ்ஷைப் போடுகிறவர்கள் உண்டு. அது ரப்பரைவிடக் கடினமானது. பெரும்பாலும் குழலோடு ஒட்டியிராது. குழல் அதற்குள்ளே சுழலும். உரசல் அதன் இயல்பு. மாட்டும்போதே சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். காய்ந்து ‘கீச்’ என்று கத்தினால் மறுபடியும் பூச வேண்டும்.

மூன்றாவது, பால் ஜாயிண்ட். கிண்ணத்துக்குள் சுழலும் எஃகுக் குண்டு அது. அதற்கு கிரீஸ் தேவைதான். கிரீஸ் நிப்பிள் உள்ளதற்கு அளவோடு அடிக்கலாம். அளவு மீறினால் மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை கிழியும். உறை கிழிந்து, தண்ணீரும் மண்ணும் புகுந்து குண்டு தேய்ந்துவிட்டால், எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் தேய்ந்த எஃகு வளராது. சத்தம் மட்டும் அடங்கும். ஒருநாள் அது கழன்றுகொள்ளும். ஓடுகிற வண்டியின் சக்கரம் மடங்கும். மாற்றுவது ஒன்றே வழி.

அன்பார்ந்தவர்களே, நம் வீடுகளிலும் இந்த மூன்றும் உண்டு. கணவன் மனைவிக்குள் வரும் சிறு பிணக்கு ரப்பர் புஷ் போன்றது. முறுக்கிக்கொள்வார்கள், தாமாகவே திரும்பிவிடுவார்கள். அங்கே உறவினர்கள் சமாதானம் பேசப் போனால் உள்ளதும் கெடும். மாமியாரும் மருமகளும், ஒரே கூரையின் கீழ் தறி போட்டிருக்கும் அண்ணன் தம்பியும் உரசாமல் இருக்க முடியாது. அங்கே அன்பான சொல் ஒருமுறை போதாது, அவ்வப்போது வேண்டும்.

ஆனால் குடித்துவிட்டு வந்து அடிக்கிற வீடு தேய்ந்துபோன பால் ஜாயிண்ட். அந்தப் பெண் அழுதுகொண்டு வந்தால், “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று ஊர் சொல்கிறது. மறுநாள் அவள் பேசுவதில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நிம்மதியாகிறோம். சகோதரர்களே, அங்கே அடங்கியது சத்தம் மட்டும்தான். ஆபத்து அப்படியே இருக்கிறது.

லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியரை நினைத்துப் பார்ப்போம். அடிபட்டுக் கிடந்தவரின் காயங்களுக்கு அவர் எண்ணெய் மட்டும் வார்க்கவில்லை; திராட்சை மதுவையும் வார்த்தார். மது எரியும், ஆனால் அழுக்கை நீக்கும். எண்ணெய் இதம் தரும். அதோடும் அவர் நிற்கவில்லை. காயம்பட்டவரை அந்த வழியிலிருந்து அகற்றி, பாதுகாப்பான சாவடியில் சேர்த்து, செலவுக்கும் பொறுப்பேற்றார். முழுமையான இரக்கம் அதுதான்.

அடிபடுகிற பெண்ணுக்குப் பாதுகாப்புத் தர 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. குடியிலிருந்து மீள்வதற்கு மருத்துவம் இருக்கிறது. இவற்றை நாடுவது குடும்பத்தை உடைப்பதாகாது. பாதுகாப்பான இடத்தில் அவளைச் சேர்ப்பதும், அடிப்பவரிடம் கசப்பான உண்மையைச் சொல்வதும் அந்தச் சமாரியரின் வழிதான்.

இந்த வாரம் நம் தெருவில் எந்த வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது என்று கவனிப்போம். அந்த அமைதி நலத்தின் அமைதியா, அடக்கப்பட்ட அமைதியா என்று அருகில் போய் அக்கறையோடு கேட்போம். எங்கே இதம் தேவை, எங்கே உண்மை தேவை என்று பகுத்தறியும் ஞானத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக.

இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.