அறுவர் ஓடும் ஒரு மரதன்



எமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றுக்கு முன்னோடியாக ஒருநாட் காலையில் வீதியோட்டம் ஒன்று நிகழ்வதையும், அதனை மரதன் ஓட்டம் என நாம் அழைப்பதையும் நீங்கள் அறிவீர்கள். அவ்வோட்டத்தின் தூரம் சில கிலோமீற்றர்களே. உண்மையான மரதன் ஓட்டமோ 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் கொண்டது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் ஓடப்பட்ட அத்தூரமே 1921இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதனை மனக்கண்ணால் அளந்து பார்க்க விரும்புவோர், பளையிலிருந்து புறப்பட்டு, முகமாலை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி ஆகிய ஊர்களைக் கடந்து யாழ்ப்பாண நகரை அடைந்து, அதற்கப்பாலும் சில கிலோமீற்றர் ஓடுவதாக எண்ணிக்கொள்ளலாம்.

இத்துணை நெடிய தூரத்தை ஒருவர் ஓடி முடிப்பதற்குப் பல மாதப் பயிற்சியும் முதிர்ந்த உடலும் வேண்டும். வளரும் பிள்ளைகளை அதில் ஏவுதல் அறிவுடைமை அன்று. ஆயின், ஒருவரால் இயலாத அத்தூரத்தை அறுவர் பகிர்ந்து ஓடலாம் அன்றோ? அவ்வாறு ஓடும் அஞ்சல் மரதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

இவ்வகை ஓட்டத்தின் தாயகம் யப்பான் தேசம். 1917ஆம் ஆண்டு, பழைய தலைநகராகிய கியோத்தோவிலிருந்து ரோக்கியோ வரை, 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை வீரர்கள் பல கட்டங்களாகப் பகிர்ந்து, இரவு பகலாக மூன்று நாள் ஓடினர். தலைநகர் மாறி ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடும் பொருட்டு ஒரு செய்தித்தாள் நிறுவனம் அதனை நடத்தியது. அவ்வோட்டத்துக்கு ‘எகிடென்’ என்று பெயரிட்டனர். முற்காலத்தில் அரச ஓலைகளைக் கொண்டு செல்வோர் தங்கி மாறும் நிலையங்களையும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செய்தி கைமாறுவதையும் குறிக்கும் சொல் அது.

இங்கே தமிழர் மகிழ்தற்குரிய ஒற்றுமை ஒன்று உண்டு. நாமும் இவ்வகை ஓட்டத்தை அஞ்சல் ஓட்டம் என்றே வழங்குகின்றோம். அஞ்சல் என்பது தபாலையும் குறிக்கும் சொல். திருவிதாங்கூர் அரசின் தபாற்சேவை அஞ்சல் என்னும் பெயராலேயே விளங்கியது. மணி கட்டிய கோலை ஏந்தி, கடிதப் பையைச் சுமந்து, அஞ்சல் ஓட்டக்காரர் ஊர்தோறும் ஓடினர். பையைச் சுமந்தவர் களைத்தாலும் பை நிற்பதில்லை; அடுத்தவர் தோளில் ஏறி அது தன் வழியே செல்லும். இரு வேறு தேசத்தார் ஒரே தொழிலைக் கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டமை வியப்புக்குரியது.

மைதானத்து அஞ்சல் ஓட்டத்திலே வீரர் கையில் ஒரு கோல் இருக்கும். எகிடென் ஓட்டத்திலோ ‘தசுகி’ எனப்படும் துணிப்பட்டியை ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புவரை குறுக்கே அணிந்து ஓடுவர். தம் பங்கு முடிகின்றபோது அதனைக் கழற்றி அடுத்தவரிடம் ஒப்படைப்பர்.

ஆண்டுதோறும் சனவரி 2ஆம், 3ஆம் நாள்களில், ரோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்குச் சென்று திரும்பும் பல்கலைக்கழக ஓட்டம் அந்நாட்டிற் பெரும் புகழ் வாய்ந்தது. ஏறக்குறைய 217 கிலோமீற்றரை ஓர் அணியின் பதின்மர் பகிர்ந்து ஓடுவர். முன்னணியிலுள்ள அணி சென்று குறிப்பிட்ட நிமிடங்கள் கழிந்த பின்னும் ஓர் அணியின் வீரர் மாறும் நிலையத்தை அடையாவிடின், அவ்வணியின் அடுத்தவர் முன்னவரின் பட்டியைப் பெறாமலே புறப்பட நேரும். தோல்வியைக் காட்டிலும் அதனையே வீரர்கள் பெருந்துயராகக் கருதுவர்.

ஹக்கோனே ஓட்டம் 1920இல் தோன்றுவதற்கு முன்னின்றவர் கனகுரி சிசோ என்பவர். 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் கடும் வெயிலினால் தளர்ந்து இடைவழியில் நின்றுபோன வீரர் இவரே. ஒரு தனி வீரனைத் தேடுவதினும் பல இளைஞரை ஒருங்கே பயிற்றும் வழியை அவர் நாடினார். முதல் ஆண்டில் நான்கு கல்விக்கூடங்களே பங்குபற்றின. அவற்றுள் வென்றது, ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ரோக்கியோ உயர் ஆசிரியர் கலாசாலை என்பதை ஆசிரியனாகிய நான் சற்றுப் பெருமிதத்தோடு குறிப்பிடுகின்றேன்.

இனி, நமது ஊருக்கு வருவோம். மரதன் தூரத்தை அறுவர் ஓடுவதற்கு வகுக்கப்பட்ட சர்வதேச முறை ஒன்று உண்டு. முதலாமவர் 5, இரண்டாமவர் 10, மூன்றாமவர் 5, நான்காமவர் 10, ஐந்தாமவர் 5, இறுதியானவர் 7.195 கிலோமீற்றர் என்பதே அப்பங்கீடு. எமது மாணவர் அறுவர், ஆண்களும் பெண்களுமாக, இம்முறையில் ஒருநாள் ஓடிப் பார்த்தனர். கண்டி வீதியில் வாகனங்கள் மிகுதியாதலின், காற்றாலைகள் சுழலும் புலோப்பளைப் பக்கத்து உள்வீதியிலே போயும் வந்தும் தூரத்தை நிறைவு செய்யத் திட்டமிட்டோம். பத்துக் கிலோமீற்றர்ப் பங்குகளை மூத்த மாணவர் ஏற்றனர். மனையியல் ஆசிரியை பழைய வேட்டியொன்றைக் கிழித்துப் பட்டி தைத்தார். வெயில் ஏறுமுன் பெரும்பகுதி முடிய வேண்டும் என்பதற்காகக் கிழக்கு வெளுக்கும் வேளையிற் புறப்பட்டனர். பெற்றோர் சிலர் தண்ணீரோடு துவிச்சக்கர வண்டிகளிற் பின்தொடர்ந்தனர்.

மூன்றாவதாக ஓடியவன் ஒருநாளும் பரிசு மேடை ஏறாத பிள்ளை. நான்காம் கிலோமீற்றரில் அவனது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நிறுத்திவிடு என்றனர் உடன்சென்றோர். “பட்டியை எப்பிடிச் சேர் பாதி வழியில விடுறது?” என்றான் அவன். சற்று நின்று, காலை நீவிவிட்டு, மெல்ல நடந்தே வந்து, காத்து நின்ற மாணவியின் தோளில் அதனை இட்டான். அவள் வாங்கிக்கொண்டு ஓடினாள். அவன் பிந்தியதால் இழந்த நிமிடங்களைப் பற்றி ஐவரில் எவரும் பின்னர் ஒரு சொற் பேசவில்லை.

நேயர்களே, சிற்றூர்ப் பாடசாலைகளின் குறை ஒன்றை நீங்கள் அறிவீர்கள். மிகச் சிறந்த ஓட்டக்காரன் ஒருவன் தோன்றினால், நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்று அவனை அழைத்துக்கொள்ளும். எஞ்சிய பிள்ளைகள் வேலியோரத்தில் நின்று கைதட்டுவோர் ஆகிவிடுவர். அஞ்சல் மரதனோ அந்த எஞ்சியோரையே வேண்டி நிற்பது. நாற்பது கிலோமீற்றர் ஓடும் ஒருவன் எம்மிடம் இல்லை. ஐந்து கிலோமீற்றர் ஓடும் பிள்ளைகள் எத்தனையோ பேர் உளர். கோடு கீறிய மைதானமும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு வீதியும் ஒரு முழத்துணியும் போதும்.

வீதி என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். 2009ஆம் ஆண்டின் தொடக்கம் வரை முகமாலை போர்முனையாக இருந்தது. கண்ணிவெடிகளை அகற்றும் பணி போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. வீதியை விட்டு இறங்காதே என்று பிள்ளைகளுக்கு ஓயாது சொல்லி வளர்த்த ஊர்கள் இவை. 2014 மார்ச்சில் மீண்டும் பளைக்கு வந்த யாழ்தேவி அவ்வாண்டு ஒக்தோபரிலேதான் யாழ்ப்பாணம் சேர்ந்தது. அச்சத்தின் எல்லையாயிருந்த வீதி பிள்ளைகளின் விளையாட்டுக்களம் ஆவது சிறிய காரியம் அன்று.

தனியே ஓடுவதை நான் தாழ்த்திப் பேசவில்லை. 1964ஆம் ஆண்டு ரோக்கியோ ஒலிம்பிக்கின் பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில், ஏனையோர் யாவரும் முடித்த பின்னரும், எம் நாட்டு வீரர் கருணானந்த எஞ்சிய சுற்றுகளைத் தனியே ஓடி முடித்தார். முதலில் நகைத்த மக்கள் பின்னர் எழுந்து கரகோஷம் செய்தனர். அவரது வரலாறு யப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்றது. கடைசியாக வருபவனுக்கும் கடமை உண்டு என்பதை அவர் உலகுக்குக் காட்டினார். அக்கடமைக்காக ஒருவர் காத்து நிற்கின்றார் என்பதை அஞ்சல் மரதன் பிள்ளைகளுக்கு உணர்த்துகின்றது.

ஆகவே அதிபர்களையும் பெற்றோரையும் வேண்டுகின்றேன். வரும் ஆண்டின் வீதியோட்ட நாளில், முதல் மூவருக்குப் பதக்கம் சூட்டுவதோடு அமையாது, இல்லந்தோறும் அறுவர் கொண்ட ஓர் அணியையும் ஓடச் செய்யுங்கள். முழுத்தூரம் இயலாவிடின் பாதியோ காற்பங்கோ போதும். அவ்வறுவரில் இருவரேனும் இதுவரை எந்த அணியிலும் சேர்க்கப்படாத பிள்ளைகளாக இருக்கட்டும். முன்னவரிடமிருந்து பெற்றதைப் பழுதின்றிப் பின்னவரிடம் சேர்ப்பதே கல்வியின் தொழில். அதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதினும், ஒரு காலைப்பொழுதில் வீதியில் ஓடி உணரச் செய்தல் எளிது.