தோ பாயோ காட்டும் வழி: கண்டதைக் கணக்கில் எழுதுவோம்



கூடி உழைத்தல் என்பது நமக்குப் புதியதன்று. கோயில் திருவிழாவிற்குப் பந்தல் போடுவதாயினும், பள்ளிக்கூட வளாகத்தைத் துப்புரவு செய்வதாயினும், ஒரு வீட்டில் நேர்ந்த நன்மை தீமைகளுக்குத் தோள் கொடுப்பதாயினும், லயத்து மக்கள் அனைவரும் ஒன்றுகூடிச் செய்வது நமது வழக்கம். கோத்தோங் ரோயோங் என்று மலாய் மொழியில் வழங்கும் இந்தப் பண்பு தோட்டப்புறத்தில் வேரூன்றி நிற்பது. எனினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிச் சாக்கடையைத் துப்புரவு செய்கிறோம். அடுத்த மாதமே அது மீண்டும் குப்பையால் அடைபட்டுக் கிடக்கிறது. உழைப்பில் குறையில்லை, ஆயினும் பயன் நிலைப்பதில்லை. இதற்குக் காரணம் என்ன? இவ்வினாவிற்கு விடை காண, நமது அண்டை நாடான சிங்கப்பூரில் உள்ள தோ பாயோ என்னும் நகர்ப்பகுதியையும், அதனைச் சுற்றி நிகழ்ந்த தொண்டு முயற்சிகள் சிலவற்றையும் காண்போம்.

தோ என்றால் சீனத்தின் ஹொக்கியன் வழக்கில் பெரியது என்று பொருள். பாயோ என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பாயா என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. எனவே தோ பாயோ என்றால் பெருஞ்சதுப்பு என்பதே பொருள். பெயருக்கேற்பவே சேறும் குட்டைகளும், காய்கறித் தோட்டங்களும், பன்றிப் பண்ணைகளும், அத்தாப்பு வீடுகளும் நிறைந்திருந்த இடம் அது. 1960-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே அடுக்குமாடி நகரத்தைக் கட்டத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் சதுப்பு மறைந்து நகரம் எழுந்தது. பல இன மக்கள் அண்டை அயலாராய்க் குடியேறினர். ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயம் இன்று அமைந்திருப்பதும் அங்கேதான்.

சதுப்பு மறைந்தாலும் நீர் மறைந்துவிடுவதில்லை. தோ பாயோ வட்டாரத்தில் பெய்யும் மழை, சாக்கடைகள் வழியாகக் காலாங் ஆற்றையும் வாம்போ ஆற்றையும் சென்றடைகிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும் காலாங்தான் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. ஒரு காலத்தில் அவ்வாறும் சிங்கப்பூர் ஆறும் பண்ணைக் கழிவும் கடைக் கழிவும் கலந்து நாற்றமெடுத்துக் கிடந்தன. 1977-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் பத்தாண்டுத் திட்டமொன்றை வகுத்தது. பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருவோரக் கடைகள் கழிவு வசதியுள்ள நிலையங்களுக்கு மாற்றப்பட்டன, ஆற்றுப்படுகையின் சேறு வாரப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் ஆறுகள் தூய்மை பெற்றன. 2008-ஆம் ஆண்டில் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின்னர், இவ்வாறுகள் சென்று சேரும் முகத்துவாரம் நன்னீர்த் தேக்கமாக மாறிற்று. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அத்தேக்கத்தில் சேர்கிறது. ஆகவே தோ பாயோவில் ஒருவர் சாக்கடையில் வீசும் நெகிழிப்பை, ஊரார் பருகும் நீரை நோக்கியே பயணம் புறப்படுகிறது.

அரசாங்கம் ஆற்றைத் தூய்மை செய்துவிடலாம். அதைத் தூய்மையாகவே வைத்திருக்க மக்கள் வேண்டும். இதனை உணர்ந்த சிலர், வங்கி அலுவலராக இருந்த யூஜின் ஹெங் என்பவரின் முயற்சியால் 1998-ஆம் ஆண்டில் நீர்வழிக் கண்காணிப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதன் தொண்டர்கள் ஊதியமின்றிப் படகிலும் மிதிவண்டியிலும் சென்று மிதக்கும் குப்பைகளை அகற்றுகின்றனர். அவர்கள் செய்யும் இன்னொரு பணி இதைவிடப் பெரிது. பள்ளி மாணவர்களைப் படகில் ஏற்றிச் சென்று குப்பையை அவர்களே கையால் எடுக்கும்படி செய்கின்றனர். வகுப்பறையில் பத்து முறை கேட்ட அறிவுரையைவிட, தானே நீரிலிருந்து எடுத்த ஒரு குப்பி மாணவன் மனத்தில் ஆழப் பதிகிறது. வெளிப்புறக் கல்வி என்பதன் உட்பொருள் இதுவே.

அள்ளுவதோடு நின்றுவிடாமல் எண்ணி எழுதுவதே அடுத்த படி. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலக் கடற்கரை ஒன்றில் தொண்டர்கள் குப்பைகளை அகற்றியபோது, எந்தப் பொருள் எத்தனை என்று பட்டியலும் எடுத்தனர். அதுவே அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு இயக்கமாக வளர்ந்து, 1992-ஆம் ஆண்டில் சிங்கப்பூரையும் வந்தடைந்தது. அங்கே அதனைப் பல்லாண்டுகள் ஒருங்கிணைத்தவர் பல்கலைக்கழக விரிவுரையாளர் என். சிவசோதி என்பது நாம் மகிழத்தக்க செய்தி. சதுப்பு நிலக் காடுகளிலும் மணற்கரைகளிலும் முழங்கால் சேற்றில் நின்று, உறிஞ்சுகுழல் இத்தனை, சிகரெட்டுத் துண்டு இத்தனை, நெகிழிப்பை இத்தனை என்று தொண்டர்கள் குறித்துக்கொள்கின்றனர். இது வீண் வேலையன்று. குப்பை எங்கிருந்து வருகிறது என்பதை அந்தக் கணக்கே காட்டுகிறது. வரும் வழி தெரிந்தால்தானே அதை அடைக்க முடியும்!

கணக்கின் வலிமையை உணர்த்தும் இரு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். மலாயா இயற்கைச் சங்கம் 1940-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் சிங்கப்பூர்க் கிளை 1954-ஆம் ஆண்டில் அமைந்து, 1991-இல் தனிச் சங்கமாயிற்று. அக்கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் 1986-ஆம் ஆண்டில் சுங்கை பூலோ என்னுமிடத்தில் இருந்த இறால் குட்டைகளிலும் சதுப்பிலும் ஏராளமான வலசைப் பறவைகள் இறங்குவதைக் கண்டனர். கண்டதோடு அமையாது, எண்ணி எழுதி, அரசாங்கத்திடம் முறையான கோரிக்கையாக அளித்தனர். 1989-இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2002-இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற காப்பகமாயிற்று. விடுமுறை நாள்களில் நோட்டும் தொலைநோக்கியும் ஏந்திச் சென்ற சாதாரண மக்களின் உழைப்பு அந்நிலத்தைக் காத்தது.

மற்றொன்று தோ பாயோ வட்டாரத்திற்குள்ளேயே நிகழ்ந்தது. அங்கே பிடாடாரி என்றொரு பழைய இடுகாடு இருந்தது. வானுலக மகளிரைக் குறிக்கும் இந்த மலாய்ச் சொல், வித்தியாதரி என்ற வடசொல்லிலிருந்து வந்தது. 1972-ஆம் ஆண்டில் இடுகாடு மூடப்பட்ட பின்னர் மரங்கள் அடர்ந்து வளர்ந்தன. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிப் புறப்படும் பறவைகள் அங்கே இறங்கி இளைப்பாறின. நம் முன்னோர் ஆறுமணிக்குருவி என்று அழைத்த பறவையின் உறவான நீலச் சிறகுடைய பிட்டாவும் அவற்றுள் ஒன்று. அவ்விடத்தில் புதிய வீடமைப்புப் பேட்டை அமைக்கத் திட்டம் வந்தபோது, இயற்கைச் சங்கத்தினர் பல காலமாகக் குறித்து வைத்திருந்த பறவைப் பட்டியலை முன்வைத்துப் பேசினர். அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும். மக்களுக்கு வீடும் தேவையன்றோ! காட்டின் பெரும்பகுதி வீடுகளுக்கு இடம் கொடுத்தது. ஆயினும் பேட்டையின் நடுவே ஒரு பூங்கா ஒதுக்கப்பட்டது. மேட்டுநிலமும் பழைய மரங்கள் பலவும் அதில் காக்கப்பட்டன. பிடாடாரிப் பூங்கா 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கையில் பட்டியல் இல்லாதிருந்தால், அங்கே பறவைகள் வந்தன என்பதையே பேச்சுவார்த்தை மேசையில் மெய்ப்பித்திருக்க இயலாது.

இவை பட்டணத்தார் செய்திகள், தோட்டத்திற்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. நாம் நாள்தோறும் வெட்டும் ரப்பர் மரமே சிங்கப்பூர் வழியாகத்தான் இந்நாட்டிற்கு வந்தது. 1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல், பட்டை மீண்டும் வளரும்படி சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். மரம் மரமாகச் சோதித்து, கண்டதைக் குறித்து வைத்தமையாலேயே அது கைகூடிற்று. பித்தர் என்று அவரை எள்ளி நகையாடியவர்களும் இருந்தனர். ஆனால் அவருடைய குறிப்பேடுகளின் பயன் நமது கத்தியில் இன்றும் வாழ்கிறது.

மேலும், கணக்கின் அருமையைத் தோட்டத் தொழிலாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து நிரை முழுவதும் வெட்டியிருப்போம். ஆனால் பால் நிறுக்கும் இடத்தில் எடை பதிவாகாவிடில் அந்த உழைப்பு உழைப்பாகுமா? ஊர்த் தொண்டும் அவ்வாறே. பதிவில்லாத பாலுக்குக் கூலியில்லை. பதிவில்லாத தொண்டிற்குப் பயன் நிலைப்பதில்லை.

கடந்த பல்லாண்டுகளில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் சாலைகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. நாம் நீராடிய ஓடை எங்கே ஓடியது, கோயிலடி ஆலமரம் எத்தனை ஆண்டு நின்றது, எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது என்று கேட்டால் முதியோர் நினைவன்றி வேறு சான்றில்லை. நினைவு மனிதரோடு மறைந்துவிடும். ஏட்டில் எழுதியது நாளை ஒரு கூட்டத்தில் எடுத்துக்காட்ட உதவும்.

ஆகவே, நமது தோட்டத்தில் செய்யத்தக்கவை மூன்றினைச் சொல்லுவோம்.

முதலாவது நீர். லயத்துச் சாக்கடையைத் துப்புரவு செய்யும்போது அதில் கிடந்தவற்றை இனம் பிரித்து எண்ணுவோம். பாதிக்கு மேல் ஒரே வகைக் குப்பையென்றால், அது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டு அங்கே ஒரு தொட்டி வைத்தாலே பெரும்பயன் விளையும்.

இரண்டாவது கொசு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். அதன் முட்டை நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். பால் வெட்டாத காலத்தில் மரத்தில் நிமிர்ந்திருக்கும் மங்கில் மழைநீர் தேங்கினால் அதுவே கொசுவிற்குத் தொட்டிலாகும். மங்குகளைக் கவிழ்த்து வைப்போம். வாரத்திற்கொருமுறை பிள்ளைகள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, நீர் தேங்கிய பாத்திரங்கள் எத்தனை என்று குறிக்கட்டும். அந்த எண் வாரந்தோறும் குறைகிறதா என்று பெரியோர் பார்க்கட்டும்.

மூன்றாவது மரமும் பறவையும். சிங்கப்பூரில் 2015-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களே பூங்காக்களில் பறவைகளை எண்ணும் முயற்சி நடைபெற்று வருகிறது. தேர்ந்த அறிவியலார் அல்லர். மாணவர்களும் இல்லத்தரசியரும் முதியோருமே அதில் கலந்துகொள்கின்றனர். செப்டம்பர் முதல் மார்ச்சு வரை வடபுலப் பறவைகள் நம் நாட்டின் வழியாகவும் செல்கின்றன. மாதத்திற்கு ஒரு காலை அரை மணி நேரம் பிள்ளைகளுடன் தோட்டத்து ஓரம் நடந்து, கண்டவற்றை எழுதுவோம். பெயர் தெரியாவிடில் நிறத்தையும் குரலையும் எழுதினால் போதும். பெயரைப் பின்னர் ஆசிரியரிடம் கேட்டறியலாம்.

ஞாயிறு ஒன்றே நமக்கு ஓய்வு நாள் என்பது உண்மை. உழைத்துக் களைத்த உடலுக்கு மேலும் சுமை ஏற்றுவது நமது நோக்கமன்று. ஒருவரே எல்லாவற்றையும் செய்ய முற்பட்டால் சுமை. பத்துக் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்திற்கு ஆண்டில் ஓரிரு முறையே பணி வரும். வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் மட்டுமே. நோட்டைப் பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ அனைவரும் காணும்படி வைப்போம். எழுதப் பழகாத பெரியோர் சொல்ல, படிக்கும் பிள்ளைகள் எழுதட்டும். அவ்வாறு எழுதும்போது பாட்டனாரின் அறிவு பேரனிடம் செல்கிறது. கத்தியைத் தீட்டத் தெரிந்த கைக்குக் காட்டையும் படிக்கத் தெரியும் என்பதை நம் பிள்ளைகள் உணர்வார்கள். தோட்டத்தில் பிறந்ததை ஒரு தாழ்வாக எண்ணமாட்டார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் படகேறியும் பேருந்தேறியும் தேடிச் செல்லும் இயற்கைப் பள்ளி, நமது வாசலிலேயே திறந்து கிடக்கிறது.

இந்த மாதமே ஒரு நோட்டைத் திறப்போம். முதல் பக்கத்தில் நமது தோட்டத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, அன்று கண்ட ஒன்றைக் குறிப்போம். அது அடைபட்ட ஒரு சாக்கடையாக இருக்கலாம். ஓடைக்கரையில் நிற்கும் ஒரு நாவல் மரமாகவும் இருக்கலாம். ஓராண்டு கழித்து அந்நோட்டைப் புரட்டும்போது, எது குறைந்தது, எது வளர்ந்தது, எதற்காக எவரிடம் சென்று பேச வேண்டும் என்பது நமக்கே தெளிவாகும்.