ஊர்த்தெருவில் நடந்த பாட்டு: கவிஞர் சைலேந்திராவை முன்வைத்து



நம் மூத்த தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நாம் கூடுகிறோம். பேச்சு தொடங்கும் முன்பு ஒரு பாட்டு வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தவர். அதனால் இந்த ஆண்டு ஒரு பாட்டுக்காரரைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தோம். திருநெல்வேலியில் கூடி, தாமிரபரணியைப் பார்த்தும் இராத ஓர் இந்திக் கவிஞரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நமக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

1955இல் வந்த ‘ஸ்ரீ 420’ படத்தில் ராஜ்கபூர் பாடிக்கொண்டே நடந்து வருவாரே, அந்தப் பாட்டை இங்கே கேட்காதவர்கள் குறைவு. இந்தி தெரியாத நம் பெரியவர்கள்கூட மெட்டை முணுமுணுப்பார்கள். செருப்பு ஒரு நாட்டுது, கால்சட்டை ஒரு நாட்டுது, தொப்பி ஒரு நாட்டுது, நெஞ்சு மட்டும் இந்த நாட்டுது என்று சொல்லும் பாட்டு. பாட்டின் முதல் பொருளே காலணிதான். இந்தியாவே பாடிய அந்தக் காலணிப் பாட்டை எழுதியவர் யார்? சங்கர்தாஸ் கேசரிலால் சைலேந்திரா. பீகாரின் ஆரா பகுதியைச் சேர்ந்த சமார் குடும்பத்துப் பிள்ளை. தோலைப் பதப்படுத்திச் செருப்பு தைப்பதையே தொழிலாகச் சுமத்தி, அதையே இழிவு என்றும் சொல்லி ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகம் அது.

இங்கே நம் தாத்தாமார்கள் ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள். அதே தெருவில் டீக்கடை ரேடியோவில் இந்தப் பாட்டு ஓடியிருக்கும். பாட்டு காலணியோடு நடந்தது, நாம் வெறுங்காலோடு நடந்தோம். அந்தப் பாட்டை எழுதியவரும் நம்மைப் போன்ற ஒருவர் என்று அன்றைக்கு அங்கே யாருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது. இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

சைலேந்திரா 1923 ஆகஸ்ட் 30 அன்று ராவல்பிண்டியில் பிறந்தார். மதுராவில் வளர்ந்தார். மாணவராக இருந்தபோது ஹாக்கி ஆடப் போன இடத்தில், இந்தச் சாதிக்காரர்களும் இனிமேல் ஆட வந்துவிட்டார்களா என்று கூட இருந்தவர்கள் ஏளனம் செய்ததாகவும், அவர் மட்டையை முறித்துப் போட்டுவிட்டு ஆட்டத்தையே விட்டுவிட்டதாகவும் அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. மைதானத்திலும் நீச்சல் கிணற்றிலும் இதே சொல்லைக் கேட்ட பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

பிறகு பம்பாய். மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் தொழில் பழகும் வேலை. பகலில் இரும்போடு வேலை, மாலையில் இடதுசாரிக் கலைஞர்களின் அமைப்பான மக்கள் நாடக மன்றத்தின் கூட்டங்கள். அந்த மேடையில் அவர் பிரிவினைத் தீயில் எரிந்த பஞ்சாபைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். கேட்ட ராஜ்கபூர் அதைத் தன் படத்துக்கு விலைக்குக் கேட்டார். என் கவிதை விற்பனைக்கு இல்லை என்று சைலேந்திரா மறுத்துவிட்டார். கொஞ்ச காலத்தில் மனைவி கருவுற்றார், கையில் காசில்லை. அவரே ராஜ்கபூரைத் தேடிப் போனார். 1949இல் வந்த ‘பர்சாத்’ படத்துக்கு இரண்டு பாடல்கள் எழுதினார். 500 ரூபாய் கிடைத்தது. கொள்கையை விட்டுவிட்டார் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கூலிவேலை செய்யும் வீட்டில் பிரசவச் செலவு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் படத்திலிருந்து அவரோடு சேர்ந்து எழுதியவர் ஹஸ்ரத் ஜெய்புரி. உருதுக் கவிஞர். பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்தவர். சாஹிர், மஜ்ரூஹ், ஷகீல், கைஃபி என்று பெரும் உருதுக் கவிஞர்கள் சினிமாவுக்குப் பாட்டெழுதிய காலம் அது. அவர்களுக்கு நடுவில் ஒரு ரயில்வே தொழிலாளியும் ஒரு பஸ் கண்டக்டரும் நின்று எழுதினார்கள். சைலேந்திராவின் மொழி புலவர் மொழி இல்லை. உருதுவும் இந்தியும் போஜ்புரியும் கலந்து தெருவில் பேசப்படும் மொழி. ‘ஆவாரா’வின் பாட்டு சோவியத் நாடு வரை போனது. தமிழுக்கும் வந்தார்: 1953இல் வந்த ‘ஆஹ்’ படம் தமிழில் ‘அவன்’ ஆனபோது, சைலேந்திராவும் ஹஸ்ரத்தும் எழுதிய இடத்தில் கம்பதாசன் தமிழ்ச் சொற்களை இட்டார். இலங்கை வானொலியில் அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை.

சினிமாவுக்கு வெளியே அவர் தந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வட இந்தியத் தொழிற்சங்க ஊர்வலங்களில் இன்றும் ஒலிக்கும் புகழ்பெற்ற வேலைநிறுத்த முழக்கம் சைலேந்திராவின் கவிதையிலிருந்து எடுத்தது. கோஷம் போடுகிறவர்களில் பலருக்கு அது ஒரு கவிஞரின் வரி என்பதே தெரியாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு, சிறையில் இருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டு, இதே ஊரில் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அன்றைக்கு அவர்கள் எழுப்பிய முழக்கங்களை எழுதியவர் யார்? யாரோ ஒரு தோட்டத் தொழிலாளி, லயத்து வீட்டில் உட்கார்ந்து கட்டியிருப்பார். நாம் ஆண்டுதோறும் ஆற்றில் மலர் தூவுகிறோம். அந்தச் சொற்களைக் கட்டியவரின் பெயரை நாம் எழுதி வைக்கவில்லை.

சைலேந்திராவின் சாதி அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. அவருடைய கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு மகன் எழுதிய முன்னுரையில் அதைக் குறிப்பிட்டார். உடனே, இவ்வளவு பெரிய கவிஞரைச் சாதிக்குள் ஏன் அடைக்கிறீர்கள் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். பிற கவிஞர்கள் எந்தக் குடும்பம், எந்தக் குலம், எந்தக் குருவிடம் பயின்றார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் முதல் பக்கத்திலேயே சொல்லும். அதை யாரும் அடைப்பு என்று சொல்வதில்லை. ஒரு சமார் வீட்டைச் சொன்னால் மட்டும் அது அடைப்பாகிவிடுகிறது.

அதே சமயம் நாம் நேர்மையாகவும் இருக்க வேண்டும். சைலேந்திரா தன்னைத் தலித் கவிஞர் என்று அழைத்துக்கொண்டவர் இல்லை. ஏழை, தொழிலாளி, நாடோடி என்றே எழுதினார். அவர் நின்ற இடதுசாரி மேடை வர்க்கத்தைப் பேசிய அளவுக்குச் சாதியைப் பேசவில்லை. பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’, ‘மதுமதி’, ‘பந்தினி’ படங்களுக்கு எழுதியவர் அவர். அதே இயக்குநர் தீண்டாமையைக் கதையாக்கி 1959இல் எடுத்த ‘சுஜாதா’வுக்கு எழுதியவர் மஜ்ரூஹ் சுல்தான்புரி. இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பு சைலேந்திராவிடம் வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் பேசாததற்கு நாம் வீரப்பட்டமும் கட்ட வேண்டாம், கோழைப்பட்டமும் கட்ட வேண்டாம். பேசினால் என்ன விலை என்று ஹாக்கி மைதானத்திலேயே அவர் தெரிந்துகொண்டார்.

கடைசியில் அவர் தன் காசையெல்லாம் போட்டது ஒரு மாட்டுவண்டிக்காரனின் கதையில். பணீஸ்வர்நாத் ரேணுவின் சிறுகதையைத் ‘தீஸ்ரி கசம்’ என்று படமாகத் தயாரித்தார். கிராமத்து வண்டிக்காரனுக்கும் நாட்டியக்காரிக்கும் இடையில் சொல்லாமல் போன அன்பு அது. 1966இல் வெளியானது, ஓடவில்லை. கடனும் மனவேதனையும் சேர்ந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று, 43 வயதில் இறந்தார். அவர் போன பிறகு அந்தப் படத்துக்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருது வந்தது. சிறந்த பாடலாசிரியருக்கான மூன்றாவது ஃபிலிம்ஃபேர் விருதும் அவர் இல்லாத மேடைக்குத்தான் வந்தது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சொந்த வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறு கட்டுகிறவன் தன் சாதியை மணிக்கட்டில் பெருமையாகக் காட்டுகிறான். நம் பிள்ளை கல்லூரி விடுதியில் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் இருக்கிறான். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது மிரட்டல். இரண்டாவது உயிரைக் காத்துக்கொள்ளும் வழி. சொல்ல முடியாமல் இருப்பவனை நாம் ஒருபோதும் அவமானப்படுத்தக் கூடாது. அவன் பயமில்லாமல் சொல்லும் நாளை உண்டாக்குவதுதான் நம் வேலை.

அதற்கு இந்த அரங்கிலிருந்தே தொடங்கலாம். நம் குடியிருப்புகளில் ஒப்பாரி கட்டும் அம்மாக்கள் இருக்கிறார்கள், நடவுப்பாட்டு பாடும் ஆச்சிகள் இருக்கிறார்கள், கொடை விழாவுக்கும் போராட்டத்துக்கும் பாட்டுக் கட்டும் அண்ணன்கள் இருக்கிறார்கள். பாடல்களைத் தொகுக்கிறவர்கள் பல நேரம் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு இந்தக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பாட்டைக் கொண்டுவாருங்கள். பாடியவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் தெருவையும் பாட்டுக்குக் கீழே எழுதுங்கள். சைலேந்திராவின் காலணிப் பாட்டு உலகமெல்லாம் நடந்தது, அவர் வீட்டுத் தெரு மட்டும் வெளியே தெரியாமல் போனது. நம் தெருவில் பிறக்கும் பாட்டுக்கு அந்த நிலை வர வேண்டாம்.