மீன் பிடித்த காலையும் மான் தடம் தேடிய பகலும்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டிலும் தெரியும், வேட்டைக் கதையும் தெரியும். இவ்விரண்டுக்கும் அடிப்படையான பாடம் ஒன்று உண்டு. எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று அறிவதே அந்தப் பாடம். சென்ற பள்ளி விடுமுறையில் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டோம். எங்கள் பள்ளியின் ஆசிரியர்கள் இருவர், மாணவர்கள் நால்வர், அவர்களுடைய தந்தையர் இருவர், பால்மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஆகியோர் சேர்ந்து புறப்பட்டோம்.

முதலில் சென்றது, பேராக் மாநிலத்தில் ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றுக்கு. ஈயத் தொழில் ஓங்கியிருந்த காலத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டிய பள்ளங்கள் அநேகம். 1985-ஆம் ஆண்டில் ஈய விலை வீழ்ந்த பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பள்ளங்கள் மட்டும் நீர் நிறைந்து குளங்களாக நிற்கின்றன.

நாங்கள் தேடிப்போன மீன் பீக்காக் பாஸ். வாலின் அடியில் மயிற்கண் போன்ற வட்டப்புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். இது கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன். ஆதலால் வெளிச்சம் வந்த பிறகே தூண்டில் போட வேண்டும். ஏழரை மணிக்கு, நீரில் சாய்ந்து கிடந்த மரத்தின் ஓரமாக, சிறுமீன் போலச் செய்த பொய் இரையை வீசி இழுத்தோம். நான்காவது வீச்சில் நூல் விண்ணென்று இழுபட்டது. ஒன்பது மணிக்குள் மூன்று மீன்கள் கிடைத்தன.

“பாவம் ஐயா, விட்டுடலாமே” என்றான் ஒரு மாணவன். பெரியவர் மறுமொழி சொல்லாமல் ஒரு மீனின் வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே சிறுமீன்கள் இருந்தன.

நேயர்களே, பெயரில் பாஸ் என்று இருந்தாலும் இது வட அமெரிக்காவின் பாஸ் மீன் அன்று. நாம் அறிந்த திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் முதலிய ஆறுகள். மனிதர்கள் கொண்டுவந்து நம் நீரில் சேர்த்துவிட்டார்கள். தாயும் தந்தையுமாகக் குஞ்சுகளைக் காவல் காப்பதால் நன்றாகப் பெருகுகிறது. பெருகிய இடத்தில் நம் சிறுமீன்களை இரையாக்குகிறது. முன்பு இக்குட்டையில் பூயுவும் செப்பாட்டும் கூடை கூடையாகக் கிடைக்கும் என்றார் பெரியவர். ஆகவே இந்த மீனைத் திரும்ப நீரில் விடுவது இரக்கம் ஆகாது. மூன்றையும் குழம்புக்கு எடுத்துக்கொண்டோம்.

பிறகு மலையடிவாரத்துக்குச் சென்றோம். பெரியவர் இளமையில் முறையான லைசென்ஸோடு மான் வேட்டைக்குப் போனவர். துப்பாக்கி தூக்குவதற்குப் பல நாள் முன்பே, மான் நடமாடும் இடங்களைத் தேடிக் குறித்து வைப்பாராம். அந்த வித்தையை மாணவர்களுக்குக் காட்டச் சொன்னோம்.

ஓடையோரச் சேற்றில் முதலில் தென்பட்டது காட்டுப்பன்றியின் தடம். “பின்னால ரெண்டு சின்னக் குளம்பு பதிஞ்சிருக்கு பாரு. மானுக்கு அது லேசில பதியாது. முன்னால கூர்மையா ரெண்டு பிளவு மட்டும் தெரியும்” என்றார். கொம்பு தேய்த்த மரப்பட்டை, உருண்டையான புழுக்கை, விலங்குகள் நக்கவரும் உப்பு மண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஆனால் இரண்டு மணி நேரம் நடந்தும் மானின் அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தவர், “வாத்தியாரே, அந்தக் காலத்தில தீபாவளிக்கு லயத்துக்கே கறி பங்கு போட்டேன். அப்ப எண்ணிப் பார்க்கல” என்றார். எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. அந்தப் பங்கை வாங்கித் தின்ற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

ரூசா எனப்படும் கடமான் புலியின் முக்கியமான இரை. கடமான் குறைந்தால் புலி பட்டினி கிடக்கும். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, தீபகற்ப மலேசியாவின் காடுகளில் எஞ்சியிருந்த புலிகள் 150-க்கும் குறைவு. நம் நாட்டுச் சின்னத்தில் இருபுறமும் நிற்கும் விலங்கின் நிலை இது. 2009-ஆம் ஆண்டில் கடமான் வேட்டைக்கு லைசென்ஸ் கொடுப்பது நிறுத்தப்பட்டு, அந்தத் தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. சட்டம் துப்பாக்கியைத் தடுக்கலாம். கள்ளத்தனமாகக் கட்டும் கம்பிக் கண்ணியைத் தடுக்க ஊர்மக்களின் கண்ணும் வேண்டும்.

திரும்பும் வழியில் மாணவி ஒருத்தி, “தாத்தா, இங்கே!” என்று மெல்லக் கூப்பிட்டாள். ஈரமண்ணில் கூரான இரு பிளவுகள். பக்கத்தில் சிறியதாக இன்னொரு தடம். தாயும் குட்டியும்! பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பின்பு காய்ந்த இலைகளை அள்ளி அத்தடங்களின் மேல் பரப்பினார். “பார்த்தாச்சு, போதும். யார்கிட்டயும் இடத்தைச் சொல்லாதீங்க” என்றார்.

அதனால்தான், நேயர்களே, அந்த இடத்தின் பெயரை நாங்கள் இந்தப் பேச்சில் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுங்கள். தடம் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். பார்த்த பின் இலைகளால் மூடிவிட்டு வரவும் கற்றுக்கொடுங்கள்.