குரல் எட்ட வேண்டிய தூரம்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி ஹெட்செட்டைப் பயன்படுத்துவது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளியின் ஹைடெக் லேபில் ஒரே நேரத்தில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் கம்பியில்லா ஹெட்செட் அணிந்து பாடம் நடத்துகிறேன். அதற்கான அடாப்டர் பென்டிரைவ் போலச் சிறியது, கணினியில் செருகியிருக்கும். என் குரல் அதன் வழியாகக் கணினிக்குப் போய் ஸ்பீக்கரில் கேட்கும்.

தொடக்கத்தில் கடைசி வரிசைப் பக்கம் போனாலே, "டீச்சர், பாதி வார்த்தை வரல" என்பார்கள். ஹெட்செட்டுக்கான மென்பொருளைத் திறந்தேன். வீச்சு என்ற இடத்தில் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலைகள் இருந்தன. 'அதிகம்' என்று வைத்தேன். குரல் தெளிவாகக் கேட்டது. அதோடு அதை மறந்துவிட்டேன்.

ஒரு நாள் பாடத்தின் நடுவே, இரண்டு அறை தள்ளியிருக்கும் ஆசிரியர் அறைக்குப் போக வேண்டியிருந்தது. மைக்கை அணைக்கவில்லை. அங்கே சக ஆசிரியையிடம் ஒரு மாணவியின் வீட்டு நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கத்தோடுதான் பேசினேன். திரும்பி வந்தால் வகுப்பில் சத்தமே இல்லை. அந்த மாணவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். முன்வரிசைப் பையன் மெல்லச் சொன்னான்: "டீச்சர், நீங்க பேசினது எல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போய் நானே அழைத்து வந்தேன்.

மைக்கை அணைக்காதது என் மறதி. அந்த மறதி இரண்டு அறை தாண்டிப் போனதற்குக் காரணம், தேவையில்லாமல் நான் கூட்டி வைத்த வீச்சு.

பிறகுதான் முறையாகச் சோதித்தேன். கோளாறு வீச்சில் இல்லை. அடாப்டர் கணினியின் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருந்தது. ரேடியோ அலையை உலோகம் தடுக்கும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, அடாப்டரை மேசை மேல் வைத்தேன். 'குறைவு' நிலையிலேயே கடைசி வரிசை வரை குரல் எட்டியது. உங்களுடையது புளூடூத் வகை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 துளையில் வேலை செய்யும் கருவிகள் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். அவற்றை ஒட்டி அடாப்டரைச் செருகாதீர்கள்.

வீச்சைக் குறைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. உங்கள் ஊர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ரத வீதியில் ஒவ்வொருவரும் ஒலிபெருக்கியைக் கூட்டிக்கொண்டே போனால் எவர் பேச்சும் எவருக்கும் புரியாது. ஒரே கூடத்தில் பல ஹெட்செட்டுகள் இயங்கும்போதும் இதே கதைதான். டெக்ட் என்ற வகையில், கிடைக்கும் அலைவரிசையை நேரத் துண்டுகளாகப் பிரித்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எல்லாரும் வீச்சைக் குறைத்தால், சற்றுத் தள்ளி இருப்பவர் அதே துண்டைத் தொல்லையில்லாமல் பயன்படுத்தலாம். பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

வீச்சை மாற்றும் வசதி எல்லா அடாப்டரிலும் இருக்காது. இருந்தால் அந்த நிறுவனத்தின் மென்பொருளில் தேடுங்கள். மாற்றியபின் ஹெட்செட்டை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைத்துப் பாருங்கள். வசதி இல்லையென்றால், அடாப்டரை வைக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

இதையே ஒரு செயல்பாடாகவும் நடத்தலாம். ஒருவர் ஹெட்செட் அணிந்து எண்களை வாசித்துக்கொண்டே வெளியே நடக்கட்டும். குரல் அறுபடும் இடத்தில் இன்னொருவர் சாக்பீஸால் கோடு போடட்டும். டேப்பால் தூரத்தை அளந்து, மூன்று நிலைக்கும் அட்டவணை எழுதட்டும். கதவைச் சாத்தியும் திறந்தும் பார்க்கட்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும் என்று இயற்பியலில் படிக்கிறோம். சுவரும் பீரோவும் உள்ள பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏன் மாறுகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அலை சுவரைக் கண்டதும் நின்றுவிடாது. மைக்கை அணைப்பதுதான் முதல் காவல். வீச்சைக் குறைப்பது இரண்டாவது.

எங்கள் லேபில் அந்தச் செயல்பாட்டை நடத்தியபோது வராந்தாவில் கோடு போட்டவள் அந்த மாணவிதான். இன்றும் நான் வாசல் பக்கம் திரும்பினால், "டீச்சர், மைக்" என்று முதலில் குரல் கொடுப்பவளும் அவள்தான்.